பழைய காதுகளின் தீர்ப்பு

ஒரு ராக் இசைக்குழு நாற்பது ஆண்டுகளைக் கடந்தபின் புது ஆல்பம் கொண்டுவருகிறது. நெடுநாள் ரசிகர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்கு யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை. "அவர்கள் கேட்பது பாட்டை அல்ல, தங்கள் கல்லூரி நாட்களை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ராக் இருபது வயதின் இசை. ஒரு குழு தன் சரக்கையெல்லாம் முதல் நான்கைந்து ஆல்பங்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். அதற்குப் பிறகு வருவது ஒன்று மறுபதிப்பு, இல்லாவிட்டால் பிழைப்பு. விசுவாசத்தால் கண் மறைந்துபோன ரசிகனின் சாட்சி செல்லாது. இந்தக் கருத்து விமர்சகர்களின் எழுத்திலும் இசை கேட்பவர்களின் பேச்சிலும் நிலைத்துவிட்டது. இதற்குச் சான்று வேண்டும் என்றுகூட எவரும் கேட்பதில்லை.

இது அடியோடு தவறான கருத்து. ஒரு குழு வளர்ந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்று சொல்வதற்கு அதன் பழைய ரசிகரைவிடத் தகுதியுள்ளவர் வேறு யாரும் இல்லை. வளர்ச்சி என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம். முதல் புள்ளியைக் காதில் வைத்திருப்பவருக்குத்தான் அந்தத் தூரம் கேட்கும். புது ஆல்பத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வாரத்தில் மதிப்பெண் போடுகிறவர் பாட்டு நன்றாக இருக்கிறதா என்று சொல்லலாம். அந்தக் குழு எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. ஆனாலும் நாம் அவரை நடுநிலையாளர் என்கிறோம், முப்பது ஆண்டுகள் கூடவே வந்தவரைப் பித்துப் பிடித்தவர் என்கிறோம்.

பொதுவாகப் பேசினால் இந்த வழக்கு தீராது. எனக்கு நெருக்கமான ஒரு குழுவையே எடுத்துக்கொள்கிறேன்: தி க்யூர். லண்டனுக்குத் தெற்கே க்ராலி என்ற ஊரில், பள்ளித் தோழர்கள் சேர்ந்து 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய குழு அது. 1959இல் பிறந்த ராபர்ட் ஸ்மித் பாடகர், கிட்டார் கலைஞர், பாடலாசிரியர். குழுவின் உயிர் அவர்தான். அவருக்கு அடுத்தபடியாக அந்த ஓசைக்கு முதுகெலும்பாக இருப்பவர் சைமன் கேலப், பேஸ் கிட்டாரில். 2008இல் '4:13 ட்ரீம்' வந்தது. பிறகு பதினாறு ஆண்டுகள் புது ஆல்பமே கிடையாது. 2024 நவம்பர் 1 அன்று 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' வெளியானது. எட்டுப் பாட்டுகள், ஏறத்தாழ 49 நிமிடம். பிரிட்டனில் நேராக முதலிடத்துக்குப் போனது. 1992இல் வந்த 'விஷ்' ஆல்பத்துக்குப் பிறகு அவர்களுக்கு அந்த இடம் கிடைத்தது 32 ஆண்டுகள் கழித்து. ரசிகர்கள் மனம் நிறைந்து கொண்டாடினார்கள். வழக்கம்போல அதற்கும் விளக்கம் வந்தது: எல்லாம் பழைய நினைவின் ஏக்கம்.

விசுவாசம்தான் காரணம் என்றால் அது எல்லா ஆல்பத்துக்கும் ஒரே மாதிரி வேலை செய்திருக்க வேண்டும். 1996இல் 'வைல்ட் மூட் ஸ்விங்ஸ்' வந்தபோது இதே ரசிகர்கள்தான் முகம் சுளித்தார்கள். 2004இல் ராஸ் ராபின்சனைத் தயாரிப்பாளராக வைத்துக் குழுவின் பெயரிலேயே ஓர் ஆல்பம் வந்தது. அதை ஏற்றுக்கொள்ளாத பழைய ரசிகர்கள் இன்றும் நிறையப் பேர். '4:13 ட்ரீம்' பிரிட்டன் பட்டியலில் 33ஆம் இடத்துக்குமேல் ஏறவில்லை. அதே மனிதர்கள், அதே இளமை நினைவுகள், சுவரில் அதே போஸ்டர்கள். அப்போதெல்லாம் எங்கே போயிற்று அந்தக் கண்மூடித்தனம்? மூன்று முறை உதட்டைப் பிதுக்கியவர்கள் நான்காவது முறை எழுந்து நின்று கைதட்டினால், அதற்குப் பெயர் தீர்ப்பு. கைதட்டலை மட்டும் எடுத்துக்கொண்டு உதட்டுப் பிதுக்கலை மறைப்பது நேர்மையான வாதம் ஆகாது.

ஏக்கம் என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். ஏக்கத்துக்குத் தீனி வேண்டியவர்களுக்கு இந்தக் குழு ஏற்கெனவே வேண்டிய மட்டும் கொடுத்திருக்கிறது. 2002இல் பெர்லினில் மூன்று ஆல்பங்களை முழுமையாக, வரிசை மாறாமல் வாசித்தார்கள். 2011இல் சிட்னி ஓபரா ஹவுஸில் முதல் மூன்று ஆல்பங்கள். 2019இல் அதே அரங்கில், 'டிஸின்டெக்ரேஷன்' வெளிவந்த முப்பதாம் ஆண்டுக்காக அந்த ஆல்பம் முழுவதும். பழைய நாட்களுக்குத் திரும்ப வேண்டும் என்பவருக்கு அந்த இரவுகளின் பதிவுகள் போதும், அலமாரியில் இருக்கும் பழைய தட்டுகளும் போதும். புதுப் பாட்டு அவருக்கு எந்த வகையிலும் உதவாது. அதோடு ஒட்டிய நினைவு ஒன்றுமில்லை. முதல் காதலும் இல்லை, விடுதி அறையும் இல்லை. வெறும் பாட்டாகத்தான் அது முன்னால் வந்து நிற்கிறது. ஏக்கத்தோடு வருகிற காது அதை ஏற்காமல் தள்ளிவிடத்தான் வாய்ப்பு அதிகம்.

2022 அக்டோபரில் லாட்வியாவின் ரீகா நகரில் இந்தக் குழு சுற்றுப்பயணத்தைத் தொடங்கியபோது நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். கச்சேரியின் முதல் பாட்டே யாரும் கேட்டிராத 'அலோன்'. ஏறக்குறைய ஏழு நிமிடப் பாட்டு. குரல் வருவதற்கே மூன்று நிமிடத்துக்குமேல் ஆகும். அதுவரை டிரம்ஸும் கீபோர்டும் கிட்டாரும் கனத்த நடையில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். பிரதானப் பகுதியை முடித்துவைத்ததும் ஒரு புதுப் பாட்டுதான், பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் 'எண்ட்சாங்'. பணம் கொடுத்து வந்த கூட்டத்தின் முன் இப்படித் தொடங்கி இப்படி முடிப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். அடுத்தடுத்த ஊர்களில் மேலும் சில புதுப் பாட்டுகள் சேர்ந்தன. ஆல்பத்தில் உள்ள எட்டில் ஐந்து பாட்டுகளை ரசிகர்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மேடையிலும், கூட்டத்தில் நின்றவர்கள் எடுத்த கரகரப்பான பதிவுகளிலும் கேட்டுவிட்டார்கள். எந்த ஊரில் எந்த வரி மாறியது, எந்த இரவில் கிட்டார் நீண்டது என்று ஒப்பிட்டுப் பேசினார்கள். ஆல்பம் வந்த அன்று அவர்கள் தெரிவித்த மகிழ்ச்சி அவசரத்தில் பொங்கியதில்லை. வேறெந்த விமர்சகருக்கும் கிடைக்காத அவகாசத்தில், திரும்பத் திரும்பக் கேட்டு முடிவுக்கு வந்தவர்களின் மகிழ்ச்சி அது.

காத்திருப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பாட்டுகளுக்கான பதிவு 2019இல் வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்ட் ஸ்டூடியோவில் நடந்தது. இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஸ்மித் அந்த ஆண்டே சொல்லத் தொடங்கினார், வரவில்லை. ஐந்து ஆண்டுகள் இப்படி ஏமாந்தவன் இளகிய மனத்தோடா கேட்பான்? "இதற்குத்தானா இத்தனை நாள்" என்று கேட்கத் தயாராகத்தான் இருப்பான். அந்த மனநிலையை வென்றது பாட்டு.

ராக் இளமையின் கலை என்ற அடுத்த வாதத்துக்கு வருகிறேன். இதுதான் எல்லாவற்றுக்கும் வேர். தி க்யூர் தொடக்கத்திலிருந்தே சாவைப் பாடிய குழு. 'ஃபெய்த்' வந்தது 1981இல், 'போர்னோகிராஃபி' 1982இல். அந்த ஆண்டுகளில்தான் ஸ்மித்துக்கு இருபத்திரண்டும் இருபத்து மூன்றும் நிறைந்தன. அந்த ஆல்பங்களை நான் உயிருக்கு இணையாக மதிக்கிறேன். ஆனால் அவற்றில் சாவு எதிரே வந்து நிற்கும் ஒரு சுவர். அதன்மேல் மோதிக் கத்துகிறான் இளைஞன். யார் போனார்கள், எந்தக் கட்டிலில் கிடந்தார்கள் என்ற விவரம் இல்லை. உலகமே இருண்டுவிட்டது என்று சொல்ல ஓர் இளைஞனுக்குத் தனியான ஒரு மரணம் வேண்டியதில்லை.

2024இல் ஸ்மித்துக்கு வயது 65. தாயும் தந்தையும் அண்ணன் ரிச்சர்டும் போய்விட்டார்கள். 'ஐ கேன் நெவர் ஸே குட்பை' அண்ணனின் சாவைப் பற்றியது. 'அண்ட் நத்திங் இஸ் ஃபாரெவர்' எங்கிருந்து வந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: நோயில் கிடந்த ஒருவரிடம், கடைசி நேரத்தில் உடனிருப்பேன் என்று வாக்குக் கொடுத்தார், அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. இருபத்திரண்டு வயதில் யாரும் இதை எழுத முடியாது. திறமை போதாது என்பதால் இல்லை. வாக்குக் கொடுக்கவும் அது தவறவும் வாழ்க்கை நீள வேண்டும். இளமையில்தான் உண்மை இருக்கிறது என்பவர்கள் இந்தப் பாட்டை எந்தப் பெட்டியில் வைப்பார்கள்? மறுபதிப்பு என்றா, பிழைப்பு என்றா?

பழைய காது எதைக் கேட்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1989இல் வந்த 'டிஸின்டெக்ரேஷன்' ஆல்பத்தில் 'தி ஸேம் டீப் வாட்டர் ஆஸ் யூ' என்று ஒன்பது நிமிடத்துக்குமேல் நீளும் பாட்டு. மழையும் இடியும் அதன் பின்னணியில் உண்டு. அந்த மழை காதலின் மழை. இரண்டு பேர் சேர்ந்து மூழ்கிப்போகும் கனவுக்கு அது ஒரு போர்வை. ஸ்மித் முப்பதை எட்டும் தறுவாயில் செய்த ஆல்பம் அது. இளமை போகிறதே என்ற தவிப்பு அதில் எங்கும் இருக்கிறது, ஆனாலும் தவிப்பே இனிமையாக இருக்கும் வயது. 35 ஆண்டுகள் கழித்து, அண்ணனைப் பற்றிய பாட்டு இடிச் சத்தத்தோடு தொடங்குகிறது. அதன்மேல் பியானோவில் சிறு சுரக்கோவை ஒன்று. அது மேலே ஏறுவதும் இல்லை, வளர்வதும் இல்லை. வந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறது. இந்த இடிக்குள் கனவு ஏதும் இல்லை. ஒரு வீட்டுக்கு வெளியே, ஓர் இரவில் இடித்த இடி. 1989இன் மழையில் நனைந்தவருக்கு இந்த வித்தியாசம் முதல் அரை நிமிடத்திலேயே உறைக்கும். அந்த மழையை அறியாதவருக்கு இது ஓர் ஒலி அலங்காரம், அவ்வளவே. பழைய ரசிகரின் நினைவு அவர் கேட்பதைத் திரித்துவிடுகிறது என்கிறார்கள். இங்கே நினைவுதான் அவரைச் சரியாகக் கேட்க வைக்கிறது.

முதல் ஆல்பமே சிறந்தது என்ற நம்பிக்கைக்கு இந்தக் குழுவின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1979இல் வந்த 'த்ரீ இமேஜினரி பாய்ஸ்' ஆல்பத்தின் அட்டையில் ஒரு விளக்கு, ஒரு ஃபிரிட்ஜ், தரை சுத்தம் செய்யும் ஓர் இயந்திரம். அட்டையில் என்ன வர வேண்டும், உள்ளே எந்தப் பாட்டுகள் வர வேண்டும் என்பதையெல்லாம் தயாரிப்பாளர் கிறிஸ் பாரி முடிவு செய்தார். ஸ்மித்துக்கு அதில் பேச்சே இல்லை. ஒலி சரிபார்க்க வாசித்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பாட்டுகூட ஆல்பத்துக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான், இனி என் கையை மீறி எதுவும் போகக் கூடாது என்று அவர் உறுதி எடுத்தார். மறு ஆண்டு வந்த 'செவன்டீன் செகண்ட்ஸ்' அந்த உறுதியின் விளைவு. இளமையின் கலப்படமற்ற குரல் என்று கும்பிடப்படும் முதல் ஆல்பம் உண்மையில் அவர்கள் குரல் அடங்கிக் கிடந்த ஆல்பம். எல்லாக் குழுவுக்கும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் வந்ததால் அது அசல் என்ற முடிவு எவ்வளவு பலவீனமானது என்பதை இது காட்டுகிறது.

இனி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் குற்றச்சாட்டு. புது ஆல்பம் 'டிஸின்டெக்ரேஷன்' போலவே இருக்கிறது, இதில் வளர்ச்சி எங்கே என்று கேட்கிறார்கள். வளர்ச்சி என்றால் கருவிகளை மாற்றுவது, இளம் தயாரிப்பாளரைக் கூட்டிவருவது, காலத்துக்கேற்ற தாளம் போடுவது என்று இவர்கள் எண்ணுகிறார்கள். தி க்யூர் அந்த வழியை 2004இல் முயன்று பார்த்ததுதான். 2024இல் நடந்தது வேறு. 'டிஸின்டெக்ரேஷன்' 70 நிமிடத்தைத் தாண்டும். 1987இன் 'கிஸ் மீ, கிஸ் மீ, கிஸ் மீ' பதினெட்டுப் பாட்டு கொண்ட இரட்டை ஆல்பம். '4:13 ட்ரீம்' பதின்மூன்று பாட்டு. எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் ஆசை இந்தக் குழுவின் பழைய குணம், பல ஆல்பங்களில் அதுவே பலவீனம். இம்முறை கைவசம் நிறையப் பாட்டு இருந்தும் எட்டோடு நிறுத்தினார்கள். மேடையில் வாசித்துப் பெயர் வாங்கிய பாட்டுக்குக்கூட உள்ளே இடம் தரவில்லை. ஜேசன் கூப்பரின் டிரம்ஸ் அவசரமே இல்லாமல், ஒவ்வொரு அடிக்கும் எடை வைத்து விழுகிறது. கேலப்பின் பேஸ் முன்னைவிடக் கரடுமுரடாகி, சில பாட்டுகளில் மற்றக் கருவிகளை உரசிக்கொண்டு ஓடுகிறது. குரல் வரும்வரை பொறுக்கிறார்கள். குரல் வந்தபின் ஒரு சொல்கூட அதிகம் இல்லை. குறைக்கத் தெரிவதைவிடப் பெரிய வளர்ச்சி ஒரு கலைஞனுக்கு உண்டா?

'அலோன்' பாட்டின் கதையும் இதையே சொல்கிறது. இசை இருந்தது, ஆனால் தொடக்க வரி கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்து, 1900இல் முப்பத்திரண்டு வயதில் இறந்துபோன ஆங்கிலக் கவிஞர் எர்னஸ்ட் டௌசனின் 'டிரெக்ஸ்' கவிதை நினைவுக்கு வந்த பிறகுதான் பாட்டு பிடிபட்டது என்கிறார் ஸ்மித். எல்லாம் முடிந்துவிட்டது என்று இளைஞர் ஒருவர் எழுதியதை, உண்மையிலேயே பலதும் முடிந்துபோனதைப் பார்த்த முதியவர் எடுத்துப் பாடுகிறார். சொல் இளமையினுடையது, அதைத் தாங்கி நிற்கும் குரல் முதுமையினுடையது.

பழைய ரசிகர்கள் எப்போதும் சரியாகவே கேட்டார்கள் என்று நான் வாதிடவில்லை. 1982க்குப் பிறகு, இருண்ட ஆல்பங்களிலிருந்து விலகி, 'தி லவ்கேட்ஸ்' மாதிரித் துள்ளலான பாட்டுகளை ஸ்மித் போட்டபோது, துரோகம் என்று போனவர்கள் உண்டு. அவர்கள் தவறினார்கள், அந்தத் துள்ளல் இல்லாமல் பிற்காலத்து இருளுக்கு ஆழம் கிடைத்திருக்காது. ஆனால் அவர்கள் செய்த தவறு எது என்று பார்க்க வேண்டும். குழு ஓரிடத்திலேயே நிற்க வேண்டும் என்று விரும்பியது. இன்று நடுநிலையாளர்கள் பேசும் "முதல் சில ஆல்பங்களோடு முடிந்தது" என்ற வாதமும் அதேதான். நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து கேட்டவர்கள் அந்த விருப்பத்தைத் தாண்டி வந்தவர்கள். அழுகைக்கும் ஆட்டத்துக்கும், நல்ல ஆல்பத்துக்கும் சுமாரான ஆல்பத்துக்கும் கூடவே இருந்து, மாற்றத்தைத் தாங்கக் காதைப் பழக்கிக்கொண்டவர்கள்.

இதெல்லாம் விற்பனைத் தந்திரம், ரசிகனின் பாசத்தைக் காசாக்குகிறார்கள் என்ற பேச்சு மற்றச் சில குழுக்களுக்குப் பொருந்தலாம். இங்கே பொருந்தாது. 2023இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட் விற்றபோது, தேவை கூடக் கூட டிக்கெட் விலையை ஏற்றும் முறைக்கு இந்தக் குழு சம்மதிக்கவில்லை. அப்படியும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் சேர்த்த கட்டணங்கள், விலை குறைந்த சில டிக்கெட்டுகளின் விலையையே மிஞ்சின. ஸ்மித் பகிரங்கமாகச் சண்டை போட்டார். நிறுவனம் இறங்கிவந்து, ஒரு டிக்கெட்டுக்கு 5 டாலர், குறைந்த விலை டிக்கெட்டுக்கு 10 டாலர் என்று திருப்பிக் கொடுத்தது. பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் கூட்டத்தின் பாசத்தைப் பிழிந்தெடுக்க எல்லா வசதியும் இருந்தபோது, அதைச் செய்ய மறுத்த குழு இது. ஆல்பத்தின் முதல் அறிவிப்பும் க்ராலியில், தொடக்க நாட்களில் தாங்கள் வாசித்த ஒரு மதுக்கூடத்தின் சுவரில், ரோமன் எண்ணில் தேதி போட்ட ஒரு போஸ்டராகத்தான் வந்தது. பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள்.

ஆல்பம் வெளியான இரவில் லண்டன் ட்ராக்ஸி அரங்கில் 31 பாட்டுகள் வாசித்தார்கள். முதலில் வந்தவை புது ஆல்பத்தின் எட்டுப் பாட்டுகள், வரிசை மாறாமல். பழசைக் கேட்க வந்தவர் முக்கால் மணி நேரத்துக்குமேல் நிற்க வேண்டியிருந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. அந்த எட்டில் கடைசி 'எண்ட்சாங்'. 1969இல், பத்து வயதில், மனிதன் நிலவில் இறங்கிய நாளில் தந்தையோடு நின்று வானத்தைப் பார்த்தவர் ஸ்மித். ஐம்பது ஆண்டு கழித்து அதே நாளில் தனியாக நின்று அதே நிலவைப் பார்த்தபோது எழுந்தது இந்தப் பாட்டு என்கிறார். குரல் நுழைவதற்கு ஆறு நிமிடத்துக்கும் மேல் ஆகிறது. ரசிகர்கள் தங்கள் இளமையைத்தான் கொண்டாடுகிறார்கள் என்று இனியும் சொல்பவர்கள், அந்தப் பாட்டை ஒருமுறை முழுதாகக் கேட்கட்டும். அதில் எந்தப் பகுதியை இந்தக் குழு 1989இல் செய்திருக்க முடியும் என்று எடுத்துக் காட்டட்டும். பிறகு பேசலாம்.